பெருங்காய டப்பாவும் டீசல் டேங்கும்

தடைக்காலப் படகு வேலையில் முதலாளிகள் கவனிக்க வேண்டியவை

பெருங்காயம் வைத்த டப்பா காலியானாலும் வாசனை போகாது. நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு வாரம் வெயிலில் காய வைத்து, அதில் சர்க்கரையைக் கொட்டினால் சர்க்கரையும் பெருங்காயமாக மணக்கும். இது நம் கடையில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இதே உண்மை டீசல் டேங்கிற்கும், மண்ணெண்ணெய் பேரலுக்கும், தின்னர் டின்னுக்கும் பொருந்தும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெருங்காய வாசனை சரக்கைக் கெடுக்கும். டீசல் வாசனை ஆளையே கொண்டு போகும்.

"இது வெல்டர்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி, மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு?" என்று அன்பர்கள் கேட்கலாம். கடலோர ஊர்களில் படகுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு கொடுக்கும் வியாபாரிகளில் பலர் படகிலும் பங்குதாரர்களாக இருக்கிறார்கள். கடன் பாக்கிக்குப் படகே கைக்கு வந்தவர்களும் உண்டு. உள்ளூர் வியாபாரிகளை எடுத்துக்கொண்டாலும் ஜெனரேட்டர் டேங்க், லாரியின் டீசல் டேங்க், பழைய எண்ணெய் பேரல் என்று ஏதாவது ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது. அவற்றில் ஓட்டை விழுந்தாலோ, அவற்றை வெட்டி வேறு உபயோகத்திற்கு மாற்ற நினைத்தாலோ ஒரு வெல்டரைக் கூப்பிடுகிறோம். "காலி டேங்க்தான், வெட்டிப் போடு" என்று சொல்கிறோம். அப்படிச் சொல்பவர் வெல்டர் அல்ல, முதலாளி. ஆகவே இந்தக் கட்டுரை முதலாளிகளுக்காகவே எழுதப்படுகிறது.

துறைமுகத் தெருவில் நடந்தது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டும் காலம் இதுதான். இரும்பு டேங்குகளை வெட்டுவதும் ஒட்டுவதும் இந்த 2 மாதங்களில்தான் அதிகம்.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் மைத்துனருடன் கூட்டாக ஒரு பழைய விசைப்படகு வாங்கியிருந்தார். அதன் டீசல் டேங்கின் அடித்தகடு துருவால் அரித்து, படகின் அடிப்பள்ளத்தில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. படகு கட்டும்போது முதலில் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, பிறகு அதன்மேல் தளமும் அறையும் கட்டியிருந்தார்கள். எனவே டேங்கை முழுசாக வெளியே எடுக்க வழியில்லை. உள்ளேயே துண்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். சிலிண்டரும் கட்டிங் டார்ச்சும் கொண்டு ஓர் இளைஞர் வந்தார்.

"டீசலை எல்லாம் இறைச்சாச்சு தம்பி. மூணு நாளா மூடியைத் திறந்து வெயில்லதான் கெடக்கு. காலி டேங்க்தான், வெட்டிப் போடு" என்றார் நம் வியாபாரி.

பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த வயதான மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. வெயில்ல கெடக்குன்னு சொல்றீங்களே, அதுதான் எனக்குப் பயம்" என்றார். ஒரு நீளக் கம்பியின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, டேங்கின் வாய் வழியாக விட்டு, உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் பின்புறம் துழாவி எடுத்தார். துணி கறுப்பாக, ஈரமாக, கசடோடு வந்தது. "இதுக்குப் பேருதான் காலியா அண்ணாச்சி?" என்றார்.

வேலை 2 நாள் தள்ளிப் போயிற்று. தண்ணீர் வண்டி, சோடா, கூலி என்று செலவும் கூடிற்று. நம் வியாபாரிக்கு அப்போது மனக்குறைதான். டேங்க் வெட்டி எடுக்கப்பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "ரெண்டு நாள் கூலி தண்டமாப் போச்சேன்னு அன்னைக்கு நினைச்சேன். அந்தப் பையனுக்கு 22 வயசு. வெட்டச் சொன்னது நான். ஏதாவது ஆகியிருந்தா அவங்க வீட்டு வாசல்ல போய் நான் எப்படி நிப்பேன்?" என்று இப்போது சொல்கிறார்.

எரிவது எண்ணெய் அல்ல, ஆவி

விளக்கில் திரி எரிவதைப் பார்க்கிறோம். அங்கே எரிவது எண்ணெய் அல்ல. சூட்டில் எழும்பும் ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. டேங்கிலும் அப்படியே. ஆவி மிகக் குறைவாக இருந்தால் பற்றாது. மிக அதிகமாகி, காற்று போதாமல் இருந்தாலும் பற்றாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும் கலவை ஆகிறது. மண்ணெண்ணெய்க்கு இது சுமார் 0.7 முதல் 5 சதவீதம். டீசலுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்.

டேங்க் நிறைய எண்ணெய் இருக்கும்போது காற்றுக்கு இடமில்லை. எண்ணெயை இறைத்தபின் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சுவரில் ஒட்டிய எண்ணெயும் அடியில் கிடக்கும் கசடும் ஆவியைக் கொடுக்கின்றன. காற்றும் ஆவியும் சரியான அளவில் சேர்வதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. எனவே வெட்டும் வேலையைப் பொறுத்தவரை நிறைந்த டேங்கைவிடக் "காலி" டேங்கே அதிகம் பயப்பட வேண்டியது.

எவ்வளவு எண்ணெய் மிச்சமிருந்தால் ஆபத்து? நம் தொழில் அளவையிலேயே பார்ப்போம். 200 லிட்டர் பேரல் ஒன்றில் வெடிக்கும் கலவை உண்டாக, முழுதும் ஆவியாகக்கூடிய பெட்ரோல் ஏறத்தாழ 15 மில்லி போதும். அதாவது ஒரு மேசைக்கரண்டி. டீசல், மண்ணெண்ணெய் என்றால், சூட்டில் ஆவியாகிவிட்டால், அதைவிடக் கொஞ்சம் குறைவே போதும். பேரலைக் கவிழ்த்து வடித்தபின்னும் சுவரில் ஒட்டி நிற்பது இதைவிடப் பல மடங்கு.

மூடிய இரும்புக்குள் இது வெடித்தால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 7, 8 மடங்கு வரை போகக்கூடும். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பேரலின் தட்டு ஏறத்தாழ 57 செ.மீ. விட்டம் உள்ளது. சதுர செ.மீ.க்கு 2 கிலோ வீதம் அழுத்தம் வந்தாலே அந்தத் தட்டின்மேல் 5 டன் விசை விழும். அரை லாரி சரக்கு ஓர் ஆளின் முகத்தில் மோதுவதற்குச் சமம். பேரலின்மேல் குனிந்து வெட்டுகிறவர் நிற்கும் இடம் அந்தத் தட்டுக்கு நேராகத்தான்.

"டீசல் வெடிக்காது" என்பது பாதி உண்மை

பெட்ரோலைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறோம். டீசல் என்றால் "தீக்குச்சியை உள்ளே போட்டாலும் அணைந்துவிடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. இந்தப் பேச்சை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு.

ஓர் எண்ணெய் எந்தச் சூட்டில் பற்றக்கூடிய அளவு ஆவியைக் கொடுக்கத் தொடங்குகிறதோ, அதை அதன் தீப்பற்று வெப்பநிலை என்கிறார்கள். பெட்ரோலுக்கு இது பூஜ்யத்திற்கும் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. அதனால் எந்த ஊரிலும் எந்த நாளிலும் அது ஆபத்துத்தான். டீசலுக்கு இந்திய தர நிர்ணயப்படி குறைந்தபட்ச அளவு 35 டிகிரி செல்சியஸ். பெருங்கப்பல்களின் எரிபொருளுக்கு உலக அளவில் வைத்துள்ள குறைந்தபட்ச அளவு 60 டிகிரி. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு வருவது இந்த அளவைவிட நல்ல டீசலாகவே இருக்கலாம். ஆனால் நம் ஊர்ப் படகு வேலை நடப்பது எப்போது? அக்கினி நட்சத்திரத்தில். நிழலிலேயே 38, 40 டிகிரி அடிக்கும்போது, வெயிலில் கிடக்கும் இரும்பு டேங்கைக் கையால் தொட முடியாது. உள்ளே கசடு கொதித்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி பயந்ததன் காரணம் இதுவே. டீசலைப் பாதுகாப்பானது என்று சொல்ல வைத்த குளிர்ச்சி, வேலை நடக்கும் நாளில் இல்லை.

வெயிலை விடுங்கள். கட்டிங் டார்ச்சின் சுடர் 3,000 டிகிரிக்கு மேல். தகட்டின் வெளிப்பக்கம் சுடரைக் காட்டினால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை உடனே புகையாக எழும்பும். அந்த ஆவியைப் பற்ற வைக்கும் நெருப்பும் அதே இடத்தில் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஆவியை உண்டாக்குவதும் அதைக் கொளுத்துவதும் ஒரே சுடர்தான். எனவேதான் காலையில் சோதித்தபோது ஆவி இல்லாதிருந்த டேங்க் வெட்டத் தொடங்கியபின் வெடிக்கிறது.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் சில நிமிடங்களில் வானிலேயே வெடித்து, அதிலிருந்த 230 பேரும் இறந்தனர். சுமார் 49,000 லிட்டர் கொள்ளும் நடு டேங்கில் அன்று இருந்தது ஏறத்தாழ 190 லிட்டர் மட்டுமே. அது பெட்ரோல் அல்ல, மண்ணெண்ணெய் வகை எரிபொருள். டேங்கிற்குக் கீழே ஓடிய குளிர்சாதன இயந்திரங்களின் சூட்டில் அந்தக் கொஞ்ச எண்ணெய் ஆவியாகி, காற்றோடு கலந்து வெடித்தது என்று விசாரணைக் குழு முடிவு சொன்னது. ஏறத்தாழக் காலியான டேங்க், கொஞ்சம் சூடு, ஒரு பொறி. படகு டேங்கிலும் இந்த மூன்றும் சேர்ந்தால் விளைவு அதுவே.

நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கைகள்

"ஒரு வாரம் திறந்து போட்டாச்சு" என்பார்கள். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே ஒரு சிறு மூடியைத் திறந்து வைத்தால் அது தானாக எழுந்து வெளியே போகாது. கிணற்றுத் தண்ணீர் போல அடியிலேயே கிடக்கும்.

"ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவிட்டேன்" என்பார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. துருவுக்கு அடியிலும், தகடு சேரும் மூலைகளிலும், குழாய் முனைகளிலும், தடுப்புத் தகடுகளுக்குப் பின்னாலும் ஒட்டியது அப்படியே இருக்கும்.

"மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் போட்டு அலசிட்டேன்" என்பது எல்லாவற்றையும்விட மோசம். டீசல் கசடு போவதற்காக அதைவிட எளிதில் பற்றும் பொருளை உள்ளே விட்டதாகிறது.

"மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை" என்பதும் செல்லாது. மூக்கு சிறிது நேரத்தில் பழகிப்போய்விடும். மேலும் மூக்கு அறிவது திறந்த வாயில் உள்ள காற்றை. ஆபத்து இருப்பது அடியில்.

"ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து உள்ளே ஊதிவிடு, ஆவி ஓடிப்போகும்" என்று சொல்பவரும் உண்டு. இதைச் சொல்பவரை வேலையிடத்திலேயே விடக்கூடாது. ஆக்சிஜன் நெருப்பை வளர்க்கும். எண்ணெய்ப் பசையோடு அது சேர்ந்தால் ஒரு சிறு பொறியும் பெருந்தீ ஆகிவிடும்.

"கிரைண்டர்தானே, நெருப்பு இல்லையே" என்பதும் தவறு. கிரைண்டரின் பொறி 10 மீட்டர் தூரம் வரை பறக்கும். டேங்க் வெடிக்க அந்தப் பொறியே போதும்.

படகுக்குள் என்றால் கூடுதல் எச்சரிக்கை

பட்டறையில் ஒரு டேங்கை வெட்டுவதும் படகுக்குள் வெட்டுவதும் ஒன்றல்ல. படகின் அடிப்பகுதி ஒரு பள்ளம். கசிந்த டீசலும் ஆவியும் அங்கே போய்த் தேங்கும். சுற்றிலும் மரப்பலகை, ஃபைபர், நைலான் வலை, கயிறு, பெயிண்ட் எல்லாம் எரியும் பொருட்கள். ஆள் ஓடித் தப்ப ஒரே ஓர் ஏணிதான் இருக்கும்.

வெட்டுவதற்குக் கொண்டு போகும் வாயுவே எமனாவதும் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. குழாயில் சிறு கசிவு இருந்தால் படகின் அடியில் இறங்கித் தங்கும். அசிட்டிலின் வாயுவோ காற்றில் 2.5 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் வெடிக்கும். 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் தளத்தில் பழுது பார்க்க நின்ற சாகர் பூஷண் என்ற எண்ணெய்த் துரப்பணக் கப்பலில் ஏற்பட்ட வெடிப்பில் 5 தொழிலாளர்கள் இறந்தனர். கப்பலுக்குள் வாயு கசிந்து தேங்கியதே காரணம் என்று கூறப்பட்டது. சாப்பாட்டு வேளையிலும் இரவிலும் டார்ச்சையும் குழாயையும் படகுக்குள் விட்டு வரக்கூடாது என்பது இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானி கப்பல் உடைக்கும் தளத்தில் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலை உடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்துத் தீப்பிடித்தது. குறைந்தது 26 தொழிலாளர்கள் மடிந்தனர். வருடக்கணக்கில் அதே வேலையைச் செய்து வந்த ஊர் அது. பழக்கம் இருப்பதால் ஆபத்து குறைவதில்லை.

முறையாகச் செய்வது எப்படி?

இங்கே சொல்வது முதலாளி தாமே டார்ச்சைப் பிடிப்பதற்காக அல்ல. வேலைக்கு வருபவர் முறையாகச் செய்கிறாரா என்று தெரிந்துகொள்ள.

1. முதலில், வெட்டத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். டேங்கை முழுசாக வெளியே எடுக்க முடிந்தால், தளப்பலகையைப் பிரிக்கும் செலவானாலும் எடுத்துவிடுவதே மேல். பெட்ரோல் இருந்த டேங்க் என்றால் படகில் வைத்து வெட்டும் பேச்சே வேண்டாம்.

2. உள்ளே என்ன இருந்தது என்பதை வெல்டரிடம் சொல்லுங்கள். டீசலா, மண்ணெண்ணெயா, இரண்டும் கலந்ததா, எப்போதாவது பெட்ரோலோ தின்னரோ ஊற்றிக் கழுவினீர்களா? உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை முதலாளிக்கு உரியது.

3. பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எஞ்சினுக்குப் போகும் குழாய்களைக் கழற்றி அடையுங்கள். படகின் அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரை முழுதும் இறைத்துத் துடையுங்கள். வலை, கயிறு, பெயிண்ட் டின், சமையல் சிலிண்டர் எல்லாம் கரைக்குப் போகட்டும்.

4. எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை வடித்து, கசடை மரத்துண்டாலும் துணியாலும் வழித்தெடுக்க வேண்டும். பிறகு சூடான தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து நிரப்பி ஊற வைத்து, நன்றாக அலசி, மீண்டும் நிரப்பி அலச வேண்டும். நீராவி விட வசதி இருந்தால் இன்னும் நல்லது. அலுமினிய டேங்கிற்குச் சலவைச் சோடா ஆகாது. அது அலுமினியத்தை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அதற்குச் சோப்புக் கரைசலே போதும்.

5. டேங்கிற்குள் ஆள் இறங்கக்கூடாது. எண்ணெய் ஆவி மயக்கும். மூடிக்கிடந்த துருப்பிடித்த டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றிருக்கும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதே இத்தகைய விபத்துகளின் வழக்கம்.

6. மேல்தகட்டை வெட்டுவதானால், வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பிவிடுவது பழைய, நல்ல முறை. ஆவி தங்க இடமே இல்லாமல் போகிறது. மிச்சமுள்ள சிறு இடத்திலிருந்து ஆவி வெளியேற வாயும் காற்றுக்குழாயும் திறந்தே இருக்க வேண்டும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. கரையேற்றிய படகின் முட்டுக்கட்டைகள் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரித்த அடித்தகடு தண்ணீரைத் தாங்காவிட்டால் இந்த முறை பயன்படாது.

7. தண்ணீர் நிரப்ப முடியாதபோது டிரை ஐஸ் அல்லது நைட்ரஜன் வாயுவால் உள்ளே உள்ள காற்றை விரட்டும் முறை உண்டு. ஒரு கிலோ டிரை ஐஸ் சுமார் 500 லிட்டர் வாயுவாக மாறும். எனவே டேங்கை இறுக்கி மூடினால் அதுவே வெடிக்கும். அந்த வாயு படகின் அடியில் தேங்கி ஆளை மூச்சடைக்கவும் செய்யும். தீயணைக்கும் சி.ஓ.2 சிலிண்டரை டேங்கிற்குள் பீய்ச்சுவது கூடவே கூடாது. அதில் உண்டாகும் மின்பொறியே ஆவியைப் பற்ற வைத்துவிடும். சாதாரண ஆவி மீட்டர் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சரியாகக் காட்டாது. அங்கே ஆக்சிஜன் அளவையே அளக்க வேண்டும். பழகிய நிபுணர் இல்லாமல் இந்த முறையைத் தொடாதீர்கள்.

8. வெட்டும் முன் ஆவி அளக்கும் மீட்டரால் மேலே, நடுவே, அடியில், மூலைகளில் அளக்க வேண்டும். வேலை நடுவில் நின்றால் திரும்பத் தொடங்கும் முன் மீண்டும் அளக்க வேண்டும். தீக்குச்சியோ எரியும் துணியோ போட்டுச் சோதிப்பது சோதனை அல்ல, தற்கொலை.

9. நெருப்பில்லாமல் வெட்ட முடிந்தால் அதுவே சிறந்தது. காற்றழுத்தத்தில் ஓடும் தகடு வெட்டியோ, மெதுவாக ஓடும் ரம்பமோ, வெட்டும் இடத்தில் தண்ணீர் அல்லது சோப்புக் கரைசல் விட்டுக்கொண்டே பயன்படுத்தலாம். இதற்கும் டேங்கைச் சுத்தம் செய்வதும் அளப்பதும் அவசியமே. முதல் துண்டு எடுத்துப் பெரிய வாய் திறந்துவிட்டால் உள்ளே நன்றாகத் துடைத்து, மீண்டும் அளந்து மற்றதைத் தொடரலாம்.

10. தண்ணீர்க் குழாயும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு ஓர் ஆள் வேடிக்கை பார்க்காமல் காவல் நிற்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருக்க வேண்டும். பலகை இடுக்கில் விழுந்த பொறி புகைந்து புகைந்து பிறகுதான் எரியும்.

கடையிலுள்ள பேரலுக்கும் இதுவே விதி

படகு இல்லாத அன்பர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். பழைய பேரலை இரண்டாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்குவதும், அடுப்பாக்குவதும், குப்பைத் தொட்டியாக்குவதும் நம் ஊர்களில் வழக்கம். சமையல் எண்ணெய் வந்த பேரல் என்று நினைத்து வாங்குவது உண்மையில் தின்னரோ வேறு இரசாயனமோ வந்ததாக இருக்கலாம். என்ன இருந்தது என்று தெரியாத பேரலை வெட்டக் கொடுக்காதீர்கள். தானியமோ தண்ணீரோ வைக்கவும் அது ஆகாது. உளியும் சுத்தியலும் வைத்து வெட்டினாலும் பொறி பறக்கும் என்பதால், அடைப்புகள் இரண்டையும் திறந்து, கழுவி, தண்ணீர் நிரப்பிய பின்பே தட்டை எடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்களும் உள்ளே என்ன இருந்தது என்று சாக்குக்கட்டியால் பேரல்மேல் எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். லாரி டேங்கிற்கும் ஜெனரேட்டர் டேங்கிற்கும் இதே விதிதான். ஒட்டுப் போட நினைக்கும்போது புது டேங்க் விலையையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எரியும் பொருள் இருந்த டேங்கையோ கலத்தையோ, அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல், அல்லது அவை எரியாதபடி செய்யாமல், வெல்டிங் செய்யவோ வெட்டவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். பெட்ரோலியப் பொருட்கள் இருந்த கலங்களைப் பழுது பார்ப்பது பற்றி 2002-ஆம் ஆண்டு பெட்ரோலியம் விதிகளும் இதே கருத்தையே சொல்கின்றன. "டேங்கிற்குள் ஒன்றும் இல்லை" என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வேலை தொடங்கக்கூடாது என்பதே இவற்றின் சாரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். எதையும் வரவு செலவு வைத்துத்தான் பார்ப்போம். ஒரு பக்கம் 2 நாள் தாமதம், தண்ணீர் வண்டி, சில கிலோ சலவைச் சோடா, 2 ஆள் கூலி, மீட்டர் கொண்டு வருபவருக்குக் கட்டணம். மறுபக்கம் படகு, அதில் போட்ட முதல், பக்கத்தில் நிற்கும் படகுகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குடும்பத்தின் சம்பாத்தியக்காரர். தடைக்காலம் முடியும் முன் வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் உண்டு. அவசரப்படுத்துவதும் முதலாளிதான், "நிதானமாகச் செய்" என்று சொல்லக்கூடியவரும் அவரே. தினக்கூலிக்கு வரும் இளைஞர் முதலாளியை எதிர்த்து "முடியாது அண்ணாச்சி" என்று சொல்லத் தயங்குவார். அவர் சொல்லுமுன் நாமே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை ஒரு டேங்கையோ பேரலையோ காட்டி "காலிதான்" என்று சொல்ல வாயெடுக்கும்போது, கடையில் இருக்கும் பெருங்காய டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பதறாத காரியம் சிதறாது.